சாமி சாப்பிட்ட சாண்ட்விச்

"ஏண்டி அசுந்தா, இன்னைக்கு என்ன கிழமைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

நுன்சியா கேட்டது கடைக்காரியை. பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னலோர மேசையை. அங்கே பங்குச் சாமியார் கயெத்தானோ, இறைச்சி உருண்டை சாண்ட்விச்சின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விரலில் வழிந்த தக்காளிக் குழம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தவக்காலத்து வெள்ளி. தெற்கு பிலடெல்பியாவின் அந்தத் தெருவில் எந்த இத்தாலியக் குடும்பமும் அன்றைக்கு இறைச்சியைத் தொடாது. நுன்சியாவே குடைமிளகாயும் முட்டையும் வைத்த சாண்ட்விச் வாங்கத்தான் வந்திருந்தாள்.

அசுந்தா ரொட்டியைக் கீறியபடி, "வெள்ளி," என்றாள்.

"அப்புறம் அவருக்கு எப்படிடி குடுத்தே?"

"கேட்டார், குடுத்தேன். துறைமுகத்துல வேலை செய்யறவங்க பாதிப் பேர் நம்ம வேதம் இல்லக்கா. அவங்களுக்காகப் போடறதுதான்."

சாமியார் இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் குடையோடு போனார். வழக்கமாகப் பொட்டலமாக வாங்கிப் போய்விடுவார். அன்றைக்கு நல்ல மழை, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். அதுதான் வினையாயிற்று.

அசுந்தாவின் கடைக்கு அந்தத் தெருவில் தனி மரியாதை உண்டு. அவள் மாமனார் இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவிலிருந்து வந்தவர். அங்கே இறைச்சி திருநாளுக்குத்தான். உருண்டையும் கோலிக்குண்டு அளவுதான். அதை ரொட்டிக்குள் வைக்கும் பழக்கமே இல்லை. இங்கே வந்தபின் இறைச்சி மலிவாகக் கிடைத்தது, உருண்டையும் பெருத்தது. நின்றபடி சாப்பிட வேண்டிய துறைமுகக்காரர்களுக்காக யாரோ நீள ரொட்டியைக் கீறி, மூன்று உருண்டையும் குழம்பும் வைத்துக் கொடுத்தார்கள். அந்த யாரோ தங்கள் தாத்தாதான் என்று தெருவில் பாதிப் பேர் சொல்வார்கள்.

கடைப் பலகையில் 'மாடு, பன்றி, இளங்கன்று மூன்றும் சேர்ந்தது' என்று எழுதியிருக்கும். அதோடு பாலில் ஊறிய பழைய ரொட்டி, முட்டை, ஆட்டுப்பால் சீஸ், பூண்டு. விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அசுந்தா தனியாகப் பிசைவாள். பள்ளிக்கூடத்து மல்யுத்தப் பையன்கள் உடம்பு தேறுவதற்காக வந்து தின்பார்கள். நுன்சியாவின் கணவருக்கு ரத்தம் குறைவு. இரும்புச்சத்து வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, வெள்ளி தவிர மற்ற நாட்களில் அவருக்கு இந்தச் சாண்ட்விச்தான். முகத்தில் களையே வந்துவிட்டது என்று நுன்சியா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஒராசியோ காதுக்குப் போய்விட்டது. இறைச்சிக்கடை வைத்திருப்பவர், பங்குப் பேரவைத் தலைவரும் அவரே. திருநாள் ஊர்வலம் தன் கடை வாசலில் நிற்காமல் போகும்படி சாமியார் வழியை மாற்றிய நாளிலிருந்து அவர்மேல் ஒராசியோவுக்குக் கடுப்பு. அசுந்தாமேலும் உண்டு. கணவர் இறந்தபின் அவள் ஒரு நாள்கூட அவரிடம் இறைச்சி வாங்கியதில்லை. கேட்டால், நியூ ஜெர்சியில் சொந்தக்காரர் அனுப்புகிறார் என்பாள்.

ஞாயிறு மாலை பேரவையைக் கூட்டினார் ஒராசியோ. எல்லோரும் ஒப்புக்கொண்டால் மறுநாளே சாமியாரின் மேலதிகாரியான ஆயரிடம் போவதாகத் திட்டம். ஆயர் காதுக்குப் போனால் மாற்றல் நிச்சயம். முழங்கால் தேய்ந்த இந்த வயதில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊருக்குச் சாமியார் மூட்டை கட்ட வேண்டும்.

கூட்டத்துக்கு முன்னால் அசுந்தா சாமியாரைத் தேடிப் போனாள். வெள்ளிக்கிழமை என்பதே மறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கெஞ்சினாள். மறதியை யாரும் மன்னித்துவிடுவார்கள்.

"மறக்கலையேம்மா. பொய் சொல்லச் சொல்றியா?" என்றார் அவர்.

அசுந்தா அதற்குமேல் நிற்கவில்லை.

கூட்டத்தில் ஒராசியோ சுற்றி வளைக்கவில்லை.

"சாப்பிட்டீங்களா சாமி, இல்லையா?"

"சாப்பிட்டேன்."

"வெள்ளின்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

"இறைச்சி விலக்குற சுத்தபோசனத்தை மீறினது பாவமில்லையா?"

"மீறினா பாவம்தான்."

சாமியார் அவ்வளவுதான் பேசினார். இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஒராசியோ இரண்டு முறை கேட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஊருக்கு உபதேசம், தனக்கு மூணு உருண்டையா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்க, சிரிப்பு எழுந்து அடங்கியது.

ஆயரிடம் போகலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் ஒராசியோ. ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. சாமியாரிடம் ஞானஸ்நானம் வாங்கியவர்களின் கைகளும் அதில் இருந்தன. நுன்சியாவின் கை பாதி எழுந்து அந்தரத்தில் நின்றது.

அசுந்தா இருக்கையை விட்டு எழுந்தாள்.

"கை தூக்கினா போதும் அசுந்தா. எந்திரிக்க வேண்டாம்," என்றார் ஒராசியோ.

"ஆயர்கிட்ட யாரும் போக வேண்டாம். சாமி எந்தப் பாவமும் பண்ணல."

"அப்படின்னா அதை அவரே சொல்லலாமே. ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறாரு?"

அசுந்தா சாமியாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவசங்கீர்த்தனத்துல நான் அவர்கிட்ட ஒப்புக்கிட்ட பாவத்தை அவர் எப்படி வெளியில சொல்வாரு?" என்றாள் அசுந்தா. "என் வீட்டுக்காரர் போனதிலேருந்து என் உருண்டையில இருக்கிறது ஊறின ரொட்டியும் முட்டையும் சீஸும்தான். இறைச்சி கிடையாது."