தியானம் கலைந்த வழக்கு

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், பக்கத்து ரூம்ல ஆளுங்க வேலை பார்க்கிறாங்க,” என்றார் சங்கச் செயலாளர். எல்லாருக்கும் அவர் ‘அக்கா’தான்.

மேனேஜர் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். எவ்வளவு கோபம் வந்தாலும் தொழிற்சாலையின் அந்தப் பகுதியில் யாரும் சத்தம் போடுவதில்லை. பிற்பகல் வெயில் திரைச்சீலை வழியே மெல்ல வடிந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ மிதந்து வந்த பஞ்சுத் துகள்கள் கீழே இறங்க மனமில்லாமல் மேசைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. மின்விசிறிகூட யோசித்து யோசித்துத்தான் சுழன்றது. பாதிக் கனவில் உட்கார்ந்திருப்பது போல இருந்தாலும், நடந்துகொண்டிருந்தது என்னவோ ஒரு மனிதரின் வேலையைப் பறிக்கும் விசாரணை.

அந்த மனிதர் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தியானம்’. வேலையில் இறங்கிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. அப்பேர்ப்பட்டவர் இப்போது கண் சிவந்து, கன்னம் ஒட்டி, ஆளே பாதியாகியிருந்தார். விசாரணையில் தொழிலாளிக்குத் துணையாகச் சங்கத்து ஆள் ஒருவர் உட்காரலாம் என்ற உரிமையை முன்பே போராடி வாங்கி வைத்திருந்தார்கள். நல்லவேளை! தனியாக விட்டிருந்தால் மனுஷன் பயத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பார்.

“நீங்க சொல்லுங்க சூப்பர்வைசர்,” என்றார் மேனேஜர்.

“என்னத்தைச் சார் சொல்றது? முன்னாடியெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு இவரைக் காட்டித்தான் பாடம் எடுப்பேன். சாப்பாட்டு மணி அடிச்சாக்கூட இவர் காதுல விழாது, நாமதான் தோளைத் தட்டிக் கூப்பிடணும். இப்ப என்னடான்னா, ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே விட்டுடறாரு. விட்டத்தையே பார்த்துட்டிருக்காரு. பெருமூச்சு வேற. பக்கத்துல இருக்கறவங்க வேலையும் கெட்டுப்போகுது.”

“கேட்டீங்களாம்மா? இந்தப் பிரிவு ‘சரி’ன்னு சொல்லாம ஒரு சரக்கும் வெளியே போகாது. பெரிய ஆர்டர் வாசல்ல நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?”

“இவருக்கு வேலை தெரியலைங்கறீங்களா?” என்றார் அக்கா.

“சேச்சே! யார் சொன்னா?” சூப்பர்வைசருக்கே பொறுக்கவில்லை. “லீவு நாள்லகூட வீட்ல இதே வேலையாத்தான் இருக்காருன்னு இவர் சம்சாரம் இங்கயே வந்து என்னைத் திட்டிட்டுப் போனாங்க!”

தியானம் வெட்கத்தில் நெளிந்தார்.

“அப்படிப்பட்டவர் எப்போலேருந்து இப்படி ஆனாரு?”

“அந்த நோட்டீஸ் ஒட்டினதுலேருந்துதான்...” என்றவர் மேனேஜரின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இனி யாரும் நிரந்தரம் இல்லை, மாதாமாதம் ஒப்பந்தம், பிடிக்காவிட்டால் அந்த மாதமே வீட்டுக்கு என்று வாசலில் ஒட்டியிருந்தார்களே, அந்த நோட்டீஸ்.

அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “வேலை நிபந்தனையை மாத்தறதுன்னா சங்கத்தோட பேசிட்டுத்தான் மாத்தணும்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். பேசாம ஒட்டினீங்க. தப்பை நீங்க பண்ணிட்டு அதை இவர் தலையில கட்டறீங்களே, நியாயமா? வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு எந்த வேலையை வேணாலும் செய்யலாம், இவர் வேலையைச் செய்ய முடியுமா? பக்கத்து ரூமை எட்டிப் பாருங்க. அங்கேயும் ஒருத்தரும் வேலை செய்யலை. செய்யற மாதிரி நடிக்கறாங்க!”

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் தணிந்த குரலில், “சரிம்மா. இவரை மட்டும் நிரந்தரமாக்கிடறேன். ஆர்டர் போகட்டும். மத்தவங்களைப் பத்தி அப்புறம் பார்க்கலாம். என்னய்யா, சந்தோஷம்தானே?” என்றார்.

அக்கா தியானத்தைக் கைகாட்டினார். போகிற வேலை தியானத்துடையது. பதிலும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

தியானம் பக்கத்து ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“வேண்டாம் சார்,” என்றார். “பக்கத்துல இருக்கறவன் பயந்துகிட்டே கிடந்தா எனக்கு மட்டும் எப்படி சார் வேலை ஓடும்? குடுத்தா எல்லாருக்கும் குடுங்க. இல்லேன்னா அவங்களோட சேர்த்து என்னையும் அனுப்பிடுங்க.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

மேனேஜர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே, சரக்கு ஏற்ற வந்த லாரிகள் காலியாகக் காத்துக்கொண்டிருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தவர் ஒரு தாளை இழுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் நீட்டினார்.

“நோட்டீஸ் வாபஸ். எல்லாருக்கும் பழையபடி நிரந்தரம். இவர் மேல விசாரணையும் கிடையாது. போதுமா, தாயே?”

அக்கா இரண்டு தடவை படித்துவிட்டுத் தியானத்தின் பக்கம் திரும்பினார். “அண்ணே, நம்ம வேலை...”

தியானத்தின் தலை தோளில் சரிந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. மேனேஜரின் கண்ணெதிரிலேயே, பட்டப்பகலில், மனுஷன் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

தோளைத் தட்டப்போன சூப்பர்வைசரின் கையை மேனேஜர் பாய்ந்து பிடித்தார்.

“எழுப்பிடாதீங்கய்யா!” என்று கிசுகிசுத்தார். “சத்தம் போடாம அந்தப் புது மெத்தையைக் கொண்டுவந்து இவரை மெல்லப் படுக்க வைங்க. தூங்கிப் பார்த்துச் சொல்ல ஆளில்லாமத்தானே இத்தனை மெத்தையும் கிடக்குது... அவர் வேலையை ஆரம்பிச்சுட்டாரு!”