மாமன் மடி

குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்கள்.

மொட்டைத் தலை. சந்தனம் இன்னும் காயவில்லை. வைத்த வேகத்தில் பாதிச் சந்தனம் அவன் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

குழந்தை அவனை அண்ணாந்து பார்த்தது. யார் இந்த ஆள் என்று பார்த்தது. நியாயமான கேள்விதான்.

அவன் அதற்குத் தாய்மாமன். இன்று காலையிலிருந்து.

குழந்தையின் அம்மா கோகிலவாணி வீட்டுக்கு ஒரே பெண். கூடப் பிறந்தவன் இல்லை. காது குத்த மாமன் மடி வேண்டுமே. பங்காளி வீட்டுப் பிள்ளையான அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கோயில் மண்டபத்தில் அவன் அம்மா வயதுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒன்று பெற்றவள். தோட்டம் துண்டாகக்கூடாது, பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும், ஒன்று போதும் என்று ஊரே நிறுத்திக்கொண்டது. தோட்டம் துண்டாகவில்லை. பிள்ளைகளும் படித்தார்கள். அந்த ஒன்று இப்போது பெங்களூரிலோ கனடாவிலோ இருந்தது. அண்ணன் இல்லை, தங்கை இல்லை என்பதெல்லாம் காது குத்தும் நாளில்தான் யாருக்காவது உறைத்தது.

அன்றைக்கு அவன் ஞாபகம் வரும்.

ஊரிலேயே இருக்கிறான். விவசாயம். பெண் தேடிச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இந்தப் பக்கத்தில் பெண்களும் அத்தனை பிறக்கவில்லை. காதோரம் நரைத்துவிட்டது. கூப்பிட்டால் வருவான். மடி எப்போதும் காலி.

முன்பொரு நாள் அவன் மடியில் உட்கார்ந்து காது குத்தும்போது அழுது ஊரைக் கூட்டிய பையன், போன வாரம் பேக்கரியில் வழிவிடுங்க அங்கிள் என்றான். அவனுக்கு வலித்தது. வழிவிட்டான்.

இந்த முறை மட்டும் ஒரு அசட்டு ஆசை. சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பி இருந்தது. உள்ளே ஒரு ஜோடித் தோடு. சிவப்புக் கல். தாராபுரம் போய் அவனே பார்த்து வாங்கியது. கோகிலவாணி சின்ன வயதில் அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள். அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். அவள் குழந்தைக்காவது நிஜமாகவே மாமனாக இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தான்.

ஆசாரி ஊசியை எடுத்தார். மாமன் தோடு எங்கே என்று கேட்டார்.

அவன் கை பைக்குப் போனது.

அதற்குள் கோகிலவாணியின் அப்பா சென்னியப்பன் குனிந்து சீர்த்தட்டை நீட்டினார். அது அவர் வாங்கிய சீர். பழம், பட்டுப்பாவாடை, தோடு எல்லாம் அடுக்கி, காலையில் கோயில் வாசலில் அவன் கையில் கொடுத்து உள்ளே எடுத்துவரச் சொன்னார். உனக்கு எதற்குப்பா வீண் செலவு என்றார். நல்ல மனிதர்.

கை பையிலேயே நின்றது.

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. அம்மாவைத் தேடவில்லை. அவன் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து, நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. டப்பி இருந்த இடத்தில்.

அவனுக்கு இன்னொரு காது பாக்கி இருக்கிறது என்று வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் வந்தது.

அதுவும் முடிந்தது.

குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். படம் எடுக்க எல்லோரும் நெருக்கி நின்றார்கள். அவனும் நின்றான். ஒன்று எடுத்ததும் போட்டோக்காரர் கையை அசைத்தார்.

“இப்ப ஃபேமிலி மட்டும் நில்லுங்க.”

கோகிலவாணி குழந்தையின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை. அவன் விலகி இறங்கினான்.

அவன் அம்மா தூணோரம் இருந்தாள். இந்த மாதிரி விசேஷங்களில் அவள் சமையல் பக்கமே போய்விடுவாள். அவன் மடியில் ஒரு பிள்ளை உட்காருவதைப் பார்க்கமாட்டாள். இன்று பார்த்துவிட்டாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் முந்தானையால் சட்டைச் சந்தனத்தைத் துடைத்தாள். கைக்கு டப்பி தட்டுப்பட்டது. எடுத்துத் திறந்தாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

அவனுக்கு நான்கு வயதிருக்கும்போது அம்மா ஈரோட்டுக்குப் போய்ச் சில நாள் கழித்துத் திரும்பினாள். வயிற்றில் இருந்ததைக் கலைத்து, கையோடு ஆபரேஷனும் செய்துகொண்டு வந்தாள் என்பது வளர்ந்த பிறகு தெரிந்தது. அன்று அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வாங்கிவந்த இனிப்பு ரொட்டிதான். பங்குக்கு ஆளில்லை, முழுசும் உனக்குத்தான் என்று சொல்லிக் கொடுத்தாள். முழுவதையும் அவனே தின்றான்.

அந்தப் பேச்சை அவள் எடுத்ததில்லை. அவனும் கேட்டதில்லை.

அம்மா டப்பியை மூடினாள். திருப்பித் தரவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஈரோட்டுல விட்டுட்டு வந்தது தங்கச்சிதான், கண்ணு” என்றாள்.

அவன் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

பந்தியில் அம்மா உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்த இலையை விட்டு, அதற்கும் அடுத்ததை அவனுக்குக் கைகாட்டினாள். அவன் உட்கார்ந்தான்.

வாளியோடு வந்தவர் நடு இலையைப் பார்த்துத் தயங்கினார்.

“இந்த எலைக்கு ஆள் வருதுங்களா?”

கதவருகே அடுத்த பந்திக்குக் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. அவன் நகர்ந்து உட்கார எழுந்தான்.

“வெய்யுங்க” என்றாள் அம்மா.

வைத்துவிட்டுப் போனார்.

அவன் மறுபடி உட்கார்ந்தான். தன் இலையில் இருந்த லட்டைப் பிட்டு, பாதியை அந்த இலையில் வைத்தான்.