ஏரிக்கரையில் இடிந்த கோபுரம்

"பிட்கேர்ன் லண்டனைத் தாண்டியதே இல்லை. ஸ்காட்லாந்து ஏரிகளையெல்லாம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு கற்பனையில்தான் வரைந்தார்."

விக்டோரியா காலத்து ஓவியரைப் பற்றிப் பேராசிரியர் மன்ரோ இப்படிச் சொன்னதும், அவர் நேரில் பார்த்துத்தான் வரைந்தார் என்று எழுதியிருந்த ஐலாவின் புத்தகத்தைப் பார்த்து எடின்பரோ அரங்கமே சிரித்தது. ஓவிய வரலாறு எழுதுகிறவளுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? பிட்கேர்ன் வரைந்த ஏரிப் படம் ஒன்றின் நகலோடு நேரே அந்த ஏரிக்கரைக்கே வந்துவிட்டாள்.

வந்த நாளிலிருந்து மூடுபனி. இன்றுதான் விலகியது.

"எஃபியம்மா, பாருங்க. படத்துல இருக்கிற அதே கோபுரம். அதே பாதி இடிஞ்ச சுவர், அதே ஒத்தை ஜன்னல்."

விடுதிக்கார எஃபி டீயை ஊற்றியபடி எட்டிப் பார்த்தாள். "அச்சு அசல், கண்ணு."

"பேராசிரியருக்கு ஃபோன் போட்டுட்டேன். நேர்ல பார்த்துட்டா எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்கிறாராம். கிளம்பிட்டார்."

"வரட்டும், வரட்டும். இந்த விடுதியை ஆரம்பிச்ச எங்க கொள்ளுத்தாத்தா இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பார்."

"அவர் பிட்கேர்னைப் பார்த்திருக்காரா?"

"அவரை எங்க பார்த்தார்? இந்தப் படத்தைத்தான் பார்த்தார். அப்போ ரயில்ல வர்றவங்கல்லாம் இதைக் கையில வச்சுக்கிட்டு, 'கோபுரம் எங்கே'ன்னு கேட்பாங்களாம். இல்லைன்னு சொன்னா, டீகூடக் குடிக்காம திரும்பிடுவாங்களாம். மனுஷன் எத்தனை நாள்தான் பொறுப்பார்?"

ஐலாவின் வாய்க்குப் போன கோப்பை பாதியிலேயே நின்றது.

"கட்டுறதுகூடச் சுலபமா முடிஞ்சுதாம், கண்ணு. அதை இடிஞ்ச மாதிரி காட்டத்தான், பாவம், ரொம்பப் பாடுபட்டாராம்."