தட்டில் வைத்த கை

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்பத்தார் பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. ஆலை அலுவலகத்தில் செண்பகவல்லியின் மேசையில் இருக்கும் வெள்ளைத் தட்டில் உள்ளங்கையை வைத்தால் போதும். யாருக்கு நோவு வந்தால் கை வைத்தவருக்கு வேலை ஓடாதோ, அந்தப் பெயர்கள் தானாகத் திரையில் வந்துவிடும். மாமியார் பெயர் வராமல் திருதிருவென்று விழித்த பெண்களை அவள் நிறையவே பார்த்திருக்கிறாள். அதனாலேயே ஒவ்வொரு கைக்கும் என்ன வருமோ என்று எட்டிப் பார்ப்பாள்.

அன்று ஓசூர் ஆலையில் சேர வந்த இசக்கிராஜா கையை வைத்தான். அம்மா வந்தார், அப்பா வந்தார். அடுத்து பேச்சிக்கனி என்று வந்தது.

"இது யாரு தம்பி?"

"அக்கா. வேற சாதியில கட்டிக்கிட்டுப் போயிட்டா. வீட்ல அவளத் தலைமுழுகியாச்சு. அந்தப் பேரை எடுத்திருங்க மேடம். இந்த விவரம் அப்பா போனுக்கும் போகும்ல, பார்த்தா பெரிய வம்பாயிரும்."

எடுப்பது சுலபம்தான். ஆனால் அதற்குமுன் அந்தப் பெயருக்கு உரியவருக்கு வேறு காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். செண்பகவல்லி பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை பார்த்தாள்.

"உங்க அக்கா வேலை செய்யுற இடத்துலயே காப்பீடு இருக்கு. அவங்க கை வச்சப்போ வந்த பேரெல்லாம் இருக்கு. வீட்டுக்காரர், மக, அப்புறம் நீங்க."

இசக்கிராஜாவின் கை இன்னும் தட்டிலேயே இருந்தது.

"பேரை எடுத்திரவா தம்பி?"

"மகளா?" என்றான் அவன். "பிள்ளைக்குப் பேரு என்ன வச்சிருக்கா?"