பதினோரு மணிப் பூட்டு

காலை பதினோரு மணி ஆனதும் வாட்ச்மேன் கருத்தப்பாண்டி பூங்காவில் இருந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கேட்டைப் பூட்டினார்.

“அண்ணாச்சி, பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. வீட்டுக்குள்ள இருக்க ஏலலை. செத்த நேரம் மரத்தடியில உக்காந்துட்டுப் போயிருதேன்” என்றாள் சீனியம்மாள், இடுப்பில் குழந்தையோடு.

“நாலு மணிக்கு வா தாயி.”

“வெயில் தாழ்ந்த பொறவு நெழல் எதுக்கு?”

அவர் சாவியை உருவிக்கொண்டு பூங்காவுக்குள் நடந்தார்.

1986 சித்திரை. மில் சங்கு கேட்டு ராஜபாளையம் கண் விழித்த காலம். எங்கள் மில் லைனில், சீனியம்மாள் வீட்டோடு சேர்த்து, பன்னிரண்டு வீடு. எல்லாம் ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. மரம் என்று ஒன்றைப் பார்க்க அந்தப் பூங்காவுக்குத்தான் போகவேண்டும். சாயங்காலம் பூங்கா ரேடியோவில் செய்தி முடியும்வரை மொத்தத் தெருவும் அங்கே புல்லில் கிடக்கும். அந்தப் புல்லின் ஈரம் இன்னும் காலில் இருக்கிறது.

சீனியம்மாள் விடவில்லை. ‘ஊருக்கான பூங்காவைப் பூட்டிக்கொண்டு வாட்ச்மேன் உள்ளே தூங்குகிறார்’ என்று பெட்டிஷன் எழுதி, பன்னிரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கி நகராட்சி ஆபீசில் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ஆபீசர் வந்தார். சீனியம்மாளும் கூடப் போனாள்.

“கேட்டைத் தொறய்யா.”

கருத்தப்பாண்டி தயங்கினார். “சத்தம் போடாம வாங்க சார்.”

உள்ளே மரத்துக்கு மரம் ஆட்கள் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். தலைமுடியெல்லாம் மில் பஞ்சு.

“நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தவங்க சார். சீட்டு வீட்டுக்குள்ள பகல்ல கண்ணை மூட முடியாது. தூங்காமப் போயி மிஷின்ல நின்னு, போன மாசம் ஒருத்தனுக்கு வெரலு போயிருச்சு. பின்வாசல் வழியா விட்டிருக்கேன். பிள்ளைக சத்தத்துல முழிச்சிருவாங்கன்னுதான் பூட்டுதேன்.”

“இங்க யாரும் படுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்குல்ல?”

“இருக்கு சார். நாந்தான் பெயிண்ட் அடிச்சேன்.”

சீனியம்மாள் அசையாமல் நின்றாள். புங்கமரத்தடியில் அவள் புருஷன் பொன்னுராஜ். பகலில் மில் ஷெட்டிலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தவன். வாய் லேசாகத் திறந்திருக்க, அவன் இப்படி அயர்ந்து தூங்கி அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

“என்னம்மா, இவர் மேல நடவடிக்கை எடுக்கவா?” என்றார் ஆபீசர்.

“வேண்டாம் சார்” என்றாள் மெதுவாக. “தெரியாம எழுதிட்டேன். எங்க தப்புதான்.”

ஆபீசர் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து வெளியே போனார்.

மறுநாள் பகலில் பந்தோடு வந்த பிள்ளைகளைப் பூங்கா வாசலில் மறித்தது கருத்தப்பாண்டி இல்லை.

“ஏலே, அந்தப் பக்கம் போயி வெளையாடுங்க. உள்ள ஆளு தூங்குதுல்ல” என்று கிசுகிசுத்தாள் சீனியம்மாள்.