எங்கள் வீட்டு ஆள்

என் மகன் உள்ளே இருக்கிறானா என்று பார்க்கத்தான் அந்தப் பந்தயக் கடையின் கதவைத் தள்ளினேன்.

காலை பதினொன்றரை மணி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, துடைத்த காலணி. சட்டைப் பையில் இரண்டு செல்போன்களும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவற்றுக்கு நடுவே மகனுடைய பாஸ்போர்ட் அளவுப் படம்.

நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். யார் நிலத்தையும் ஓர் அங்குலம் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. என் தகப்பனார் பெயரைச் சொன்னால் இன்றும் எங்கள் தெருவில் எழுந்து நிற்பவர்கள் உண்டு. அந்தக் குடும்பத்து ஆள் யாரும் பதினோரு வருடமாக இந்தக் கடையின் படியை மிதித்ததில்லை.

இரண்டு வாரமாக மகனின் குரல் சரியில்லை. போனில் கேட்டால், "வேலை ஜாஸ்திப்பா" என்று வைத்துவிடுகிறான். இதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். அவன் அம்மா இருந்திருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன். அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் நான் பேசினால் எனக்கே கேட்கிறது.

உள்ளே எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் பார்வை மேலே, சுவரில் மாட்டிய திரைகளில். திரைகளில் குதிரைகள். சுவரில் கடிகாரம் இல்லை. இங்கே எப்போதுமே கிடையாது. சீட்டு எழுதும் பென்சிலை மட்டும் இன்னும் குட்டையாக்கியிருந்தார்கள்.

முக்காலியில் இருந்த ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கல்யாண வீடு அடுத்த தெரு, பெரியவரே."

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மகன் இல்லை.

இல்லை என்று தெரிந்ததும் வெளியே வந்திருக்கலாம். இன்னொரு முறை பார்த்தேன். அதற்குள் ஒரு பந்தயம் ஓடி முடிந்தது. மூன்றாம் முறையும் பார்த்தேன்.

பிறகு கவுண்டருக்குப் போனேன். கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண் ஒருத்தி. இடது கையால் படத்தை நீட்டினேன்.

"என் பையன். இவன் வந்தா உள்ள விடாதீங்கம்மா."

"அவங்களே வந்து எழுதிக் கொடுத்தாத்தான் சார் தடுக்க முடியும்."

ஆனாலும் என் வயதுக்கு இரங்கியோ என்னவோ, மேசைக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். இனி எங்களை உள்ளே விடாதீர்கள் என்று தாங்களாகவே வந்து எழுதிக் கொடுத்தவர்களின் புத்தகம் அது. பக்கத்துக்கு ஒரு படம், ஒரு கையெழுத்து, மீறி வந்தால் கூப்பிட வேண்டிய ஒரு தொலைபேசி எண்.

மகனின் முகத்தைத் தேடிப் புரட்டிக்கொண்டே போனவள் ஒரு பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"உங்க பையன் இதுல இல்ல சார்," என்றாள் மெதுவாக.

அவள் நிறுத்திய பக்கத்துப் படத்தில் மீசை கறுப்பாக இருந்தது. கழுத்தின் விறைப்பு மட்டும் இன்று காலை கண்ணாடியில் பார்த்ததேதான்.

பதினோரு வருடத்துக்கு முன் என் கையைப் பிடித்து இங்கே கூட்டி வந்து கையெழுத்துப் போட வைத்தவள் என் மனைவி. பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாமல் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றினாள். வீட்டில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும்.

மகன் ஒழுங்காக வேலைக்குப் போகிற பிள்ளை. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பார்வை என் வலது கைக்கு இறங்கியது. கையில் ஒரு சீட்டு இருந்தது. மூன்றாம் பந்தயம், ஐந்தாம் எண் குதிரை. எப்போது எழுதினேன் என்றே தெரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

"இங்க இருக்கிற விதி சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் ரிசீவரை எடுத்து அந்தப் பக்கத்தில் இருந்த எண்ணை அழுத்தினாள்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது.

என் மனைவியின் போன். தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். திரையில் 'கடை' என்று வந்தது. அவள் பதிந்து வைத்திருந்த பெயர். அவள் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் இந்த அழைப்பு வரும்படி நான் நடந்துகொண்டதில்லை.

எடுத்துக் காதில் வைத்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண், இந்தப் பக்கம் நான்.

"ஆமாம்மா, அங்கதான் வந்திருக்கார்," என்றேன். "இதோ வந்து கூட்டிட்டுப் போயிடறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவர் மானஸ்தர்."

அந்தப் பெண் என் விரல்களுக்கு நடுவிலிருந்து சீட்டை உருவிக்கொண்டாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கவில்லை.

"சரிங்கம்மா," என்றாள் ரிசீவரில்.