உதட்டு ஜீன்

"சார், மறுபடியும் அதேதான்! இதழ்லயும் உதட்டு ஜீன் வேலை செய்யுது!"

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆய்வு உதவியாளர் பெண் காட்டிய திரையைப் பார்த்தார். இதழின் கோடும் உதட்டின் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

"அடி சக்கை!" என்றார்.

ஆர்க்கிட் பூவுக்கு உள்வரிசையில் மூன்று இதழ்கள். அதில் ஒன்று மட்டும் உருமாறி, வண்டு வந்து உட்கார வசதியாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு உதடு என்று பெயர். அதை அப்படி மாற்றுகிற ஜீன் உதட்டில்தான் விழித்திருக்கும், மற்ற இரண்டிலும் தூங்கும் என்பது பாடம். இங்கே பாடமே அடி வாங்கிக்கொண்டிருந்தது.

"டியூப் எதுவும் மாறிடலையேம்மா?"

"இல்ல சார். திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்துட்டேன். இதழ் எல்லாம் கவிஞர் அக்கா வெட்டி வச்சது. உதடு மட்டும் நான் வெட்டினேன். அவங்க அதை வெட்டாமலே பிரசவத்துக்குப் போயிட்டாங்க."

'கவிஞர்' இவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவள். ஒரு மொட்டைப் பார்த்தால் போதும், நாலு வரி எடுத்து விடுவாள். ஆய்வகமே தலைதெறிக்க ஓடும். டியூப்களில் தமிழில் எழுதும் வழக்கமும் அவள் ஆரம்பித்ததுதான். பொது ஃப்ரீசரில் ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் தமிழ் தெரியாத பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் அலுங்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"பச்சை உடம்புக்காரங்க சார், எதுக்குத் தொந்தரவு? பெட்டி மேலயே தெளிவா எழுதியிருக்காங்க. பக்கத்துல 'அல்லி'ன்னு ஒரு பெட்டி கிடந்துது. யாரோ குளத்துச் செடியை வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க போல. அதை ஓரமாத் தள்ளிட்டேன்."

இந்த மாதத்தோடு இவள் வேலை முடிகிறது. புதிதாக எதையாவது காட்டினால் நீட்டிப்பு, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதை முடிவு செய்கிறவர்கள் மதியம் கூட்டத்துக்கு வருகிறார்கள்.

"இன்னிக்கே போட்டு உடைச்சிடலாம். இனி உன்னை யார் வெளிய அனுப்புறாங்கன்னு நானும் பாக்கறேன்!" என்றார் பேராசிரியர்.

மதியம் அரங்கு நிறைந்துவிட்டது. மேடைப் படியருகே நின்றவளின் தோளை யாரோ தட்டினார்கள். கைக்குழந்தையோடு கவிஞர்.

"அக்கா! பாப்பாவைத் தூக்கிட்டு இவ்ளோ தூரமா?"

"நீ ஜெயிக்கிறதைப் பாக்க வேணாமா? நான் வச்சிட்டுப் போனதெல்லாம் உதவிச்சா?"

"உங்க புண்ணியத்துலதான்கா நிக்கிறேன். உதடு மட்டும் இல்ல, அதை நானே வெட்டிக்கிட்டேன்."

"இல்லையா? நான் முதல்ல வெட்டினதே அதைத்தானேடி!"

மேடையில் பேராசிரியரின் குரல் உச்சத்துக்குப் போனது. "இதழும் உதடும் ஒண்ணுதான்னு நிரூபிச்ச பொண்ணு, இதோ வர்றாங்க!"

கைதட்டல் அதிர்ந்தது. இவள் படியேறாமல் கவிஞர் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஃப்ரீசரையே கவுத்துப் பாத்துட்டேன். உதடுன்னு ஒரு டியூப்கூட இல்லையே?"

கவிஞர் முகத்தைச் சுளித்தாள்.

"சீ, உதடாம் உதடு! கவிதை எழுதுற கை அப்படியெல்லாம் எழுதுமா? சாதா இதழ் ரெண்டையும் பாடப் புத்தகத்துல இருக்கிற மாதிரி 'அல்லி'ன்னு போட்டேன். உதட்டுக்குத்தான் அழகா 'இதழ்'னு எழுதி வச்சேனே!"